பிரீமியத்துக்காகப் பிரிந்தவர்கள்

ஓட்டலின் தரைக்குக் கீழே இருக்கிற சலவைக்கூடத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் வேலை செய்கிறோம். துவைக்கிற மெஷின், உலர்த்துகிற மெஷின், படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளுகிற பெரிய ரோலர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். அங்கே பேசினால் காதில் விழாது, கத்தினால்தான் விழும். பல வருஷமாகக் கத்திக் கத்தியே இடியக்காவின் குரல் இடி மாதிரி ஆகிவிட்டது. அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. சம்பள ஆபீசைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஒரு விஷயம் சொல்றேன், உன்னோட வச்சுக்கோ" என்று அவள் ஆரம்பித்தால் மேலே வரவேற்பறையில் பெட்டியோடு நிற்கிறவர்களுக்கும் அது தெரிந்துவிடும் என்று கேலி செய்வோம்.

விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை நான். அதனால் அவள் வீட்டுக் கதை எனக்கு அத்துப்படி.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரின் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறியவர். அவள் எவ்வளவுக்குச் சத்தமோ அவர் அவ்வளவுக்கு அமைதி. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள், அவர் தலையை மட்டும் ஆட்டுவார். ஒரே மகள் வேறு ஊரில் கல்யாணமாகி, வேலையும் பிள்ளைகளுமாக இருந்தாள். அறுபதில் அவர் ஓய்வு பெற்ற கையோடு நெஞ்சுவலி வந்தது. ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்கப்புறம் மாத்திரை, பரிசோதனை, மறுபடி மாத்திரை என்று காலம் போயிற்று. எல்லாம் காப்பீட்டில் ஓடியதால் அக்கா பெரிதாகக் கவலைப்படவில்லை.

அப்போதிருந்த ஏற்பாடு இதுதான். அறுபத்தைந்து முடிந்தால் வைத்தியச் செலவை அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும். அதுவரைக்கும் அவரவர் தனியார் கம்பெனியில் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும். வயசு ஏற ஏற பிரீமியமும் ஏறும். சின்ன வயசுக்காரர்களிடம் வாங்குவதைப் போல மூன்று பங்கு வயசானவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டமே கம்பெனிகளுக்கு இடம் கொடுத்திருந்தது. அதில் பெரும்பகுதியை அரசு மானியமாகக் கட்டிவந்ததால் எங்களைப் போன்றவர்கள் மூச்சுவிட முடிந்தது.

பிறகு ஒரு பட்ஜெட் வந்தது. மானியம் இனிமேல் தகுதியுள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றார்கள். புருஷன் பெண்டாட்டி வருமானத்தைக் கூட்டிப் பார்த்து, ஒரு கோட்டுக்கு மேலே போனால் மானியம் கிடையாது. அக்கா விசாரிக்கப் போனாள். காப்பீட்டு உதவி மையத்தின் கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாளாம்.

"உங்க சம்பளமும் அவர் பென்ஷனும் சேர்ந்தா கோட்டத் தாண்டுதும்மா."

"எவ்ளோ தாண்டுது?"

"ரொம்பக் கொஞ்சம்தான்."

"அப்ப மானியமும் கொஞ்சம்தான குறையணும்?"

"இல்லம்மா. முழுசாவே போயிடும்."

மறுநாள் விரிப்பின் மறுமுனையில் இருந்துகொண்டு அதை என்னிடம் சொல்லும்போது, துணியை அப்படியொரு இழுப்பு இழுத்தாள். என் கையை விட்டு நழுவிப் போனது. மானியம் இல்லாத பிரீமியம் அவருடைய பென்ஷனை முழுசாகத் தின்றுவிட்டு அவள் சம்பளத்திலும் கை வைக்கும். காப்பீட்டை விட்டுவிடலாம் என்றால், அவருடைய இதயம் அதற்கு ஒப்புக்கொள்ளாது.

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடலாமே என்று அவளுக்கு ஒரு யோசனை. மேனேஜரிடம் போய் நின்றாள். "எனக்குக் கொஞ்சம் ஷிஃப்ட்ட குறைச்சுடுங்க சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "ஷிஃப்ட் கூட்டிக் குடுங்கன்னுதான் எல்லாரும் வருவாங்க. குறைச்சுக் கேக்கற முதல் ஆள் நீங்கதான்." ஆனால் குறைந்த ஷிஃப்டுக்கு ஆள் வைக்கிற வழக்கம் ஓட்டலில் இல்லை. முழு வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் போக வேண்டும். உழைத்துப் பிழைப்பதே குற்றம் என்று ஒரு சட்டம் போட்டவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று அக்கா எங்களிடம் கேட்டாள். எங்களுக்கு என்ன தெரியும்.

மறுபடி கவுன்டருக்குப் போனபோதுதான் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தனித்தனியா இருந்தா நீங்க ரெண்டு பேருமே கோட்டுக்குக் கீழதாம்மா வருவீங்க."

"தனித்தனியான்னா?"

"சட்டப்படி தனியா." அவள் தலையை நிமிர்த்தவே இல்லையாம்.

அக்கா வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர், "அதுவும் நல்ல யோசனைதான்" என்றார். 

"என்ன சொன்னீங்க?"

"உன் சம்பாத்தியத்த பூரா நான் தின்னுட்டிருக்க முடியாதும்மா. ஒரு கையெழுத்துதானே. கையெழுத்துப் போட்டுட்டா நீ எனக்கு யாரோ ஆயிடுவியா?"

இரண்டு நாள் அக்கா அவரோடு பேசவில்லை. அந்த வீட்டில் அது பெரிய தண்டனை. மகளுக்குப் போன் போட்டால், அவளும் "வெறும் காகிதம்தானேம்மா" என்றாள். "காகிதம்தானேன்னா கல்யாணமும் காகிதம், பிரீமியம் ரசீதும் காகிதம். எதக் கிழிக்கறதுன்னு நீயே சொல்லு" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். கடைசியில் அவளேதான் வக்கீலைப் பார்க்கப் போனாள். வேறு வழியே இல்லை என்று தெரிந்தபிறகு செய்கிற காரியத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைப்பது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

கோர்ட்டுக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். மானியத்துக்காகத்தான் பிரிகிறோம் என்று சொன்னால் நீதிபதி கொடுக்கமாட்டார், மனசு ஒத்துப்போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும் என்று வக்கீல் பாடம் நடத்தியிருந்தார். அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தேய்த்தது அக்காதான். நீதிபதி வயதான பெண்மணி. கண்ணாடியை இறக்கிவிட்டு, இத்தனை வருஷத்துக்கப்புறம் என்ன காரணம் என்று கேட்டார்.

அக்காவின் உதடு அசைந்தது. எனக்கே கேட்கவில்லை.

"கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றார் நீதிபதி.

அவளிடம் ஒருவர் அப்படிச் சொன்னது, எனக்குத் தெரிந்து அது ஒரு தடவைதான். "அவரோட... ஒத்துப்போகல" என்றாள். வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது அவர் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார். "ஒத்துப்போகலன்னு சொன்னியே, எதுலன்னு சொல்லவே இல்லயே" என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

சட்டப்படி தனி என்றால் முகவரியும் தனியாக இருக்க வேண்டும். அவருடைய பழைய கூட்டாளி ஒரு வெல்டர். பட்டறைக்கு மேலே ஒரு அறை காலியாக இருந்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கீழே நாள் முழுக்க இரும்பு அறுக்கிற சத்தம். லிஃப்ட்டே வாழ்க்கையாக இருந்த மனிதர் மூச்சுவாங்க இரும்பு ஏணிப்படியில் ஏறி இறங்கினார். அக்கா வேலைக்கு வரும் வழியில் சாப்பாட்டுப் பையைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மாத்திரை போட்டாரா என்று கீழே தெருவில் நின்றே கேட்பாள். பட்டறை ஆட்கள் அவரைப் பார்த்து, "இந்த வயசுல லவ் பண்றீங்களா பெரியவரே" என்பார்களாம். அவர் அதற்கும் தலையை ஆட்டுவார்.

மானியம் திரும்ப வந்தது. கூடவே ஒரு அதிகாரியும் வந்தார், சோதனைக்கு. உண்மையிலேயே பிரிந்துதான் வாழ்கிறார்களா என்று பார்க்கவேண்டுமாம். அக்காவின் வீட்டுக்குள் நுழைந்து குளியலறையில் எத்தனை பல்துலக்கி இருக்கிறது என்று பார்த்தார். அலமாரியைத் திறந்து, தொங்குகிற துணிகளை விரலால் தள்ளித் தள்ளி ஆண்பிள்ளைச் சட்டை ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். அவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வயசுல என் அலமாரிக்குள்ள ஆம்பள சட்டையத் தேடறான்டி" என்று என்னிடம் சொன்னபோது அவள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அறுபத்தைந்து. அவருக்கு அது முடிந்துவிட்டால் அரசாங்கக் காப்பீடு வந்துவிடும். அப்புறம் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். கிட்டத்தட்ட வந்தும்விட்டது. அந்த நேரத்தில்தான் சாப்பாட்டு அறை டீவியில் மந்திரி பேசினார். மக்கள் இப்போது நீண்ட நாள் ஆரோக்கியமாக வாழ்கிறார்களாம். அதனால் அறுபத்தைந்து என்பதை அறுபத்தேழாக மாற்றுகிறார்களாம்.

அக்கா கையில் டீயோடு டீவிக்கு நேரே போய் நின்றாள். "என்ன மாத்திரை, எந்த டாக்டர், எத்தன நாள் ஆஸ்பத்திரி வாசல்ல கெடந்தோம், எதாவது இவனுக்குத் தெரியுமா? நாங்க பாடுபட்டு உசுரப் புடிச்சு வச்சா, உசுரோட இருக்கியே, அப்ப இன்னும் ரெண்டு வருஷம் கட்டுங்கறான்."

அதற்கப்புறம் ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு காலையில் வெல்டர் போன் செய்தார். அக்கா வீட்டுக்காரர் ஏணிப்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்சில் ஏற்றியாகிவிட்டது. அக்கா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள், நானும் பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். வரவேற்பில் இருந்தவன் பெயரைத் தட்டிப் பார்த்தான்.

"நீங்க அவருக்கு யாரு?"

"பொண்டாட்டி."

"விவாகரத்து ஆனவர்னு இருக்கே."

"அது வேற கதை தம்பி. எப்படி இருக்கார்னு மட்டும் சொல்லு."

"குடும்பத்துல யாராவது இருந்தா வரச்சொல்லுங்க. அவங்ககிட்டதான் சொல்ல முடியும். ஆபரேஷனுக்குக் கையெழுத்தும் அவங்கதான் போடணும்."

அப்போது இடி இடித்தது. அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "அவர் நெஞ்சுல என்ன இருக்கு, வயித்துக்கு எது ஆகாது, எந்தப் பக்கம் ஒருக்களிச்சா தூக்கம் வரும், எல்லாம் எனக்குத் தெரியும். என்னய வெளிய நிறுத்த நீ யாரு?" காவலாளி வந்து அவள் தோளைத் தொட்டான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டான். ஆனால் கதவு திறக்கவில்லை. மகள் ரயிலேறி வந்து கையெழுத்துப் போடச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அக்கா அந்தக் கதவுக்கு எதிரில் நின்றுகொண்டே இருந்தாள். நர்ஸ் ஒருத்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அதில் உட்காரவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய அன்றைக்கு டாக்சிக்காரனிடம் அக்கா தன் வீட்டு முகவரியைத்தான் சொன்னாள். "கேஸ் ஆயிடும்மா" என்று அவர் முனகினார். "ஆகட்டும்" என்றாள். அவரைப் படுக்கவைத்துவிட்டு நேராகக் காப்பீட்டுக் கவுன்டருக்குப் போனாள். அதே பெண்தான் இருந்தாள்.

"அவர் என் வீட்லதான் இருக்கார். குறிச்சுக்கோ."

"அப்படிப் பதிஞ்சா மானியம் நின்னுடும்மா. கொஞ்ச நாள் சும்மா இருங்களேன்."

"ரொம்ப நாள் சும்மா இருந்துட்டேன். குறிச்சுக்கோ."

அடுத்த மாதம், வயசு வரம்பு பற்றி மக்கள் கருத்துக் கேட்கிறோம் என்று ஒரு கூட்டம் போட்டார்கள். சலவைக்கூடத்திலிருந்து லீவு போட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் கிளம்பினோம். மேடையில் அமைச்சகத்து அதிகாரி திரையில் வரைபடங்கள் காட்டினார். முறை வந்ததும் அக்கா எழுந்து தன் கதையைச் சொன்னாள். கோர்ட்டில் பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "அம்மா, இது கொள்கை பத்தின கூட்டம். தனிப்பட்ட குடும்ப விஷயத்த இங்க பேச முடியாது" என்றார்.

"தனிப்பட்ட விஷயமா?" என்றாள் அக்கா. "என் குளியலறையில பல்துலக்கிய எண்ணினது யாரு? உங்க ஆள்தான? உங்க கொள்கை என் அலமாரிக்குள்ள வரலாம், என் குடும்பம் உங்க கூட்டத்துக்குள்ள வரக்கூடாதா? நாப்பது வருஷம் ஒண்ணா இருந்ததுக்கு நீங்க போட்ட அபராதம் சார் இது. அதக் கட்ட முடியாமத்தான் பிரிஞ்சோம். பிரிஞ்சதுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல தனியா ஒரு அபராதம் போட்டீங்க. இன்னும் எத்தன வருஷம்யா நாங்க வாழ்ந்தா உங்களுக்குக் கட்டுபடியாகும்?"

கூடம் முழுக்க வயசானவர்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அதிகாரி தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்தவர் பேசலாம் என்றார். செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரி வந்தது. அறுபத்தேழு அறுபத்தேழாகவே இருக்கிறது.

அவர்கள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு அலுவலகத்தில் இருந்த எழுத்தர், "இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகியிருக்கா?" என்று கேட்டான்.

"ஆகியிருக்கு."

"யாரோட?"

"இவரோடதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி, எழுது" என்றாள். அவர் மட்டும் பக்கத்தில் சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் வாழ்த்துச் சொன்னபோது, "வாழ்த்தெல்லாம் எதுக்குடி? எடுத்துட்டுப் போனத என்கிட்டயே திருப்பிக் குடுத்திருக்கான், அவ்ளோதான்" என்றாள்.

இரண்டு அறை வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு அறைக்கு மாறிவிட்டார்கள். பிரீமியத்தில் ஒரு பங்கை மகள் அனுப்புகிறாள். மாப்பிள்ளை முகம் சுளிக்கவில்லை என்றாலும், அனுப்பச் சொல்லிக் கேட்பது அக்காவுக்கு வலிக்கிறது. வாரத்தில் பாதி நாள் இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறாள். இப்போதுதான் கோட்டைப் பற்றிக் கவலை இல்லையே, எவ்வளவு வேண்டுமானாலும் சம்பாதிக்கலாம் என்று கசப்பாகச் சொல்கிறாள். அவள் கால் வீங்கியிருக்கிறது. அவளுக்கும் பரிசோதனை செய்யவேண்டும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறாள்.

எனக்கு ஐம்பத்தெட்டு. என் வீட்டுக்காரருக்குச் சீக்கிரமே அறுபது ஆகப்போகிறது, சர்க்கரையும் இருக்கிறது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே மெதுவாக ஆரம்பித்தார். "நாமளும் ஒரு தடவ அந்தக் கவுன்டர்ல கேட்டு வச்சுக்கலாமா? சும்மா, எதுக்கும்..."

நான் எழுந்துபோய்க் கையைக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.