கறிச்சாறு என்று நான் கொதிக்கவைத்த மருந்து

என் இடது பாதத்துப் புண்ணின் வாடை முதலில் மகனுக்குத்தான் தெரிந்தது. கொச்சியில், கொச்சங்காடித் தெருவில் இருக்கும் எங்கள் பண்டகசாலையில், மூட்டை கட்டும் இரும்புப் பட்டை குத்திய இடம். ஒரு மாதமாகியும் மூடவில்லை.

பென்சிலின் (கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) போட்டார்கள். முதல் வாரம் சீழ் வற்றியது, பிறகு கூடியது. கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்றார் டாக்டர். எலும்பில் இறங்கினால் பாதத்தை எடுக்க வேண்டும் என்றார்.

துறைமுகத்தில், வெலிங்டன் தீவில் நின்ற ரஷ்யக் கப்பலின் வைத்தியரிடம் டாக்டரே எட்டுக் கண்ணாடிக் குப்பிகள் வாங்கிவந்தார். உள்ளே ஃபேஜ் (கிருமிக்குள் புகுந்து அதை அழிக்கும், அதைவிடச் சிறிய கிருமி). ஆஸ்பத்திரியில் படுக்க நான் சம்மதிக்கவில்லை. ஆறு குப்பிகளைக் கொடுத்துவிட்டு, இரண்டைத் தம் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

"இது கறிச்சாற்றில வளர்த்தது உம்மா. குளிர்ச்சியா வைக்கணும்."

"என்ன எறச்சி?"

"மாடுதான். நான் கேட்டுட்டேன்."

கறிச்சாறு என்பது மட்டும் மனதில் நின்றது. அந்தியில் ஒரு கொதி விடாவிட்டால் கறிச்சாறு மறுநாள் புளித்துப்போகும். குப்பிகளைத் தினமும் தண்ணீரில் இட்டுக் கொதிக்கவைத்தேன். ஆறிய பிறகு, நாளுக்கு ஒன்றாக மகன் புண்ணில் ஊற்றினான்.

ஆறு நாளும் பலனில்லை, காய்ச்சலும் வந்தது. டாக்டர் வந்து பார்த்து, பாதத்தை எடுக்க நாள் குறித்தார். "மிச்சம் ரெண்டும் இனி வேண்டா" என்று எழுந்தார்.

என் சமையலை யாரும் குறை சொன்னதில்லை. அவர் வாசல்வரை போன பிறகுதான் எனக்கு நாக்கு எழுந்தது.

"நான் அதைக் கொதிக்கவச்சேன்."

"எதுக்கு உம்மா?"

"கெட்டுப்போகாம இருக்க."

திரும்பிவந்து உட்கார்ந்தார். "அது உயிருள்ளது. ஆறையும் வேகவச்சுக் கொன்னாச்சு."

"உப்பு போட்டீங்களா உம்மா?" என்றான் மகன். நான் முறைத்தேன்.

அன்றே ஆஸ்பத்திரியில் படுத்தேன். இரண்டு குப்பிகளையும் டாக்டரே ஊற்றினார். என் காலுக்குள் எனக்காக ஏதோ வேலை செய்துகொண்டிருந்தது. நான் சும்மா கிடக்க வேண்டும். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை. நான்காம் நாள் வாடை போயிற்று, காய்ச்சல் இறங்கிற்று. குறித்த நாளில் கத்தி வரவில்லை. புண் மூட இரண்டு மாதமாயிற்று.

உங்களுக்கும் ஆறாத புண் இருந்தால், வீட்டில் மருந்தை என்ன செய்தீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லத் தாமதித்தேன்.

முன்பு பாதம் என்று ஒன்று இருப்பதையே நினைத்ததில்லை. இப்போது கட்டிலைவிட்டு இறங்கும்போது, இடது பாதம் தரையில் நன்றாகப் பதிந்ததை அறிந்த பிறகே வலதை இறக்குகிறேன். அதற்கு நேரமாகிறது. வீட்டார் காத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.