அக்காவுக்கு என்ன பிடிக்கும்?

எங்கள் அருமை அக்கா இலஞ்சியில் பிறந்தார், இலஞ்சியிலேயே கண்மூடினார். இந்தச் சாரல் பருவத்தோடு ஓராண்டு நிறைகிறது. இடையில் சைகோன் போயிருக்க வேண்டியவர், தென்காசி ரயிலடியைக்கூடத் தாண்டவில்லை.

அத்தானுக்குப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட சைகோனில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. கல்யாணமாகி இரண்டே மாதத்தில் கப்பலேறியவர், "அங்கன வந்தா பிரெஞ்சு தெரியணும், படிச்சு வையி" என்று ஒரு பாடப்புத்தகத்தைக் கொடுத்து, வாசிக்கவும் பழக்கிவிட்டுப் போனார். அக்காவுக்கு அதில் சாப்பாட்டுப் பாடம்தான் உயிர். 'ஜெம்' என்றால் எனக்குப் பிடிக்கும். 'ஜ நெம் பா' என்றால் பிடிக்காது. எங்கள் வீட்டுப் பெண்கள் கடைசியில் உட்கார்ந்து மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர்கள். என்ன வேண்டும் என்று எப்போதாவது கேட்டாலும் அக்கா, "எதுனாலும் சரி" என்பார். அப்படிப்பட்டவர் பிரெஞ்சில் மட்டும் இது வேண்டும், அது வேண்டாம் என்று மகாராணிபோல் சொல்லுவார்.

தங்கையாகிய நான் கேள்வி கேட்பேன். அக்கா பதில் சொல்லுவார். பாடத்திலிருந்த பாலாடைக்கட்டியை நாங்கள் கண்டதில்லை. அதனால் துவையல், சொதி என்று எங்கள் அடுப்படிப் பண்டங்களாக மாற்றிக்கொண்டோம். அம்மா சமைத்தபடியே, "எம் மவ எப்படிப் பேசுதா பாரேன்!" என்று பூரித்துப்போவார்.

அத்தான் அக்காவை அழைத்துக்கொள்ளவேயில்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் என்று ஊர் திரும்பியவர்கள் சொன்னார்கள். அக்கா அழவில்லை; எனக்கு அந்த மனுஷர்மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை. மறுவீட்டு விருந்தில் அத்தான் ரசித்துச் சாப்பிட்டது தேங்காய்ப்பால் சொதி. அக்காவுக்கும் அதுதான் பிரியம் என்று அம்மாவாக முடிவுகட்டி, மகள் முகம் வாடும்போதெல்லாம் சொதி வைத்தார். அக்காவும் பேசாமல் சாப்பிட்டார்.

நான் வாழ்க்கைப்பட்டு ஆலங்குளம் போனேன். அதன்பின் அக்காவே கேள்வி கேட்டு, அக்காவே பதிலும் சொல்லிக்கொள்வாராம். போன ஆண்டு காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள், அக்காவுக்குப் பிடித்ததைப் படையலில் வைக்க வேண்டும் என்று அம்மா சொதியை அடுப்பில் ஏற்றினார்.

"அம்மா, அக்காவுக்குச் சொதி பிடிக்காது."

"என்னட்டி சொல்லுத? எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே!"

"ஒன் முன்னாலதான் சொல்லிக்கிட்டே இருந்தா. பிரெஞ்சுல சொன்னா."

அம்மா சட்டியை இறக்கி வைத்தார்.

"அப்போ எம்புள்ளைக்கு என்னதான் பிடிக்கும்?"

"பருப்புத் துவையல்."

அம்மியைக் கழுவி அவரே அரைத்தார். அரைக்கும்போது அழுதார். இலையில் வைத்துவிட்டு, "அவ இப்ப என்ன சொல்லுவா?" என்று என்னைக் கேட்டார். "ஜெம்" என்றேன்.

காய்ச்சல் நாட்களில் கஞ்சி கொண்டுவந்த அடுத்த வீட்டு மதினிக்கும், மழையில் நனைந்து வந்து வைத்தியம் பார்த்த டாக்டர் ஐயாவுக்கும், தோள்கொடுத்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. ஆண்டு நினைவுக்கு அவசியம் வாருங்கள். பந்தியில் சொதி இராது, துவையல் உண்டு. பெண்களுக்கும் முதல் பந்தியிலேயே இலை போடுகிறோம். பிடித்ததை வாய்விட்டுக் கேட்டுச் சாப்பிடுங்கள்.