கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் பெண்கள் ஜெபக்கூட்டம். கிழமைக்கு ஒரு வீடு. திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்பவர்களின் மனைவிமார் பத்துப் பன்னிரண்டு பேர், பாயில் வட்டமாக முழங்காலில் நிற்போம். ஒருத்தி ஜெபித்து முடிக்கப் பக்கத்தில் இருப்பவள் தொடங்க வேண்டும். சங்கிலி ஜெபம் என்போம். மனதில் கிடப்பதை வாய்விட்டுச் சொல்லி, அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆமென்" என்றால், வீட்டுக்குத் திரும்பும்போது பாரம் பாதியாகக் குறைந்திருக்கும். அந்தச் சுகத்தை நான் இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கண்ணை மூடினால் வாய் தானாகத் திறந்துவிடும். ஒரு மாமி, மருமகளைத் திட்டுவதென்றால் ஜெபத்தில்தான் திட்டுவார். "ஆண்டவரே, விடிஞ்சு ஏழு மணி வரைக்கும் படுக்கிற பிள்ளையளுக்கு நல்ல புத்தியைத் தாரும்" என்பார். பக்கத்தில் நிற்கும் மருமகளும் "ஆமென்" சொல்லியாக வேண்டும். நான் வீடு திரும்பினால் என் கணவர் கேட்பார்: "இண்டைக்கு ஆரின்ரை வீட்டுக் கதையை ஆண்டவருக்குச் சொன்னனீங்கள்?"

என் குறை வேறு. என் ஜெபத்துக்குத்தான் ஆகக் கூடுதலான பேர் அழுது மூக்கை உறிஞ்சுவார்கள். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததுதான் பிழை.

அடுத்த வளவில் என் சிநேகிதி இருந்தாள்; அவளும் கூட்டத்துக்கு வருபவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அவள் கல்யாணம் முடித்து எட்டு வருடம். இரண்டு தரம் பிள்ளை தங்கி, மூன்றாம் மாதத்தில் இல்லாமல் போனது. இரண்டாம் தரம் துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருத்திக்கும் அவள் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. ஆகவே மூன்றாம் தரம், கிணற்றடியில் வைத்து என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அம்மாவுக்கும் சொல்லேல்லை. ஐஞ்சு மாசம் தாண்டட்டும். அதுக்கிடையிலை வாய் திறந்தியோ, உன்ரை முகத்திலை முழிக்க மாட்டன்."

"சத்தியமாய்ச் சொல்ல மாட்டன்" என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்த வியாழன் எனக்கு முன்னால் ஜெபித்தவள் எல்லோரையும் நன்றாக அழவைத்துவிட்டாள். பிறகு என் முறை. நோயாளிகளைச் சொன்னேன், கடலில் போனவர்களைச் சொன்னேன். ஒரு மூக்குச் சத்தமும் இல்லை. அப்போதுதான் அது வாயில் வந்தது: "எட்டு வருஷம் கண்ணீரோடு காத்திருந்த உம்முடைய மகளின் வயிற்றில் நீர் வைத்த பூவை, இந்த முறை வாடாமல் காத்தருளும்."

பேர் சொல்லவில்லை. பேர் எதற்கு? அந்த வட்டத்தில் எட்டு வருடம் காத்திருந்தவள் ஒருத்திதான்.

"ஆமென்" வந்தது. மூக்குச் சத்தமும் வந்தது. கண்ணைத் திறந்தேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பாயைப் பார்த்தாள்.

தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனாள். பின்னால் ஓடினேன்.

"அடியேய், நில்லு. நான் உனக்காகத்தானே ஜெபிச்சனான்!"

"ஆண்டவருக்கு நான் எப்பவோ சொல்லிட்டன்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "நீ சொன்னது அங்கை இருந்த அவளவைக்கு."

மூன்றே நாளில், கிண்ணியாவிலிருந்து தயிர்முட்டி விற்க வருபவர்கூட அவள் படலை வாசலில் நின்று, "தங்கச்சி, உங்களுக்காக நாங்களும் துஆக் கேக்கிறம்" என்றாராம். நல்ல மனிதர், மனம் நிறைந்துதான் சொல்லியிருப்பார். அவள் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள். கிணற்றடியில் என்னைக் கண்டால் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

நாலாம் மாதம் இரத்தம் கண்டது. கட்டிலை விட்டு இறங்கவே ஏலாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை; தாய் மட்டக்களப்பில். முதலில் ஓடியது, ஜெபத்தில் மருமகளைத் திட்டும் அதே மாமிதான். ஆளாளுக்கு வேலை பிரித்தார். ஒருத்திக்குச் சோறு, ஒருத்திக்குத் தண்ணீர், தன் மருமகளுக்கு அவளோடு துணைக்கு இருப்பது. எனக்குச் சனிக்கிழமையில் உடுப்புத் தோய்ப்பது.

"நீ உள்ளுக்குப் போகாதை. கிணத்தடியோடை நில்" என்றார் மாமி.

ஏழெட்டுச் சனிக்கிழமை தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். ஒருநாள் என் கணவரிடம், "நான் சொன்னபடியால்தானே இவ்வளவு பேரும் வந்து நிக்கினம்?" என்றேன்.

"இதை அவளிட்டைச் சொல்லிப் பாரன்" என்றார்.

சொல்லவில்லை. இரத்தம் கண்ட அன்று அவளே ஆள் விட்டிருப்பாள். அதே பெண்கள் அப்போதும் ஓடித்தான் வந்திருப்பார்கள். என் வாய் அதற்குத் தேவைப்படவில்லை.

பிறகொரு சனிக்கிழமை யன்னலுக்குள்ளால் குரல் வந்தது. "ஆரது, நீயோ?"

"ஓம்."

"உள்ளுக்கு வா. கால் விறைக்குது. பிடிச்சு விடு."

கட்டிலின் காற்பக்கம் இருந்து பாதங்களை அமுக்கினேன். வீங்கியிருந்தன. பழக்கதோசம், "ஆண்டவரே" என்று தொடங்கிவிட்டேன்.

"வாயை மூடு" என்றாள். "கையாலை செய்."

கையால் செய்தேன். இரண்டு பேரும் அழுதோம், சத்தமில்லாமல்.

மாரிமழைக்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பக்கத்து வளவில் இருந்தோம், ஒரே பாயில் ஜெபித்தோம். அவள் எனக்கு ஒரு இரகசியமும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது, சந்தைக்குப் போகும் நாட்களில் மட்டும் வேலிக்கு மேலால் அதை என்னிடம் நீட்டுவாள்.

"தலையைப் பிடி" என்பாள்.