படத்தில் இல்லாத நாலு பக்கம்

அக்காவுக்கு 'ழ' வராது. எங்கள் செஞ்சிப் பக்கத்தில் யாருக்குத்தான் ஒழுங்காக வந்தது? ஆனால் அவள் இளவரசியாக நின்றுகொண்டு, 'அளுதேன், விளுந்தேன்' என்று படிக்கும்போது எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும்.

"இன்னாடி சிரிப்பு? ராஜா பொண்ணுன்னா செஞ்சியில பொறக்கக் கூடாதா?" என்பாள்.

தபால் வழியில் பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பழைய செய்யுள் நாடகம் பாடமாக வந்தது. கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராஜா வீம்பு பிடித்த மனிதர். உள்ளே ஜனங்கள் பட்டினி. கதவைத் திறந்துவிடலாமா, அப்பா பேச்சைக் கேட்டு எல்லாரோடும் சாகலாமா என்று மகள் தவிக்கிறாள். அவ்வளவுதான் கதை. சும்மா படித்தால் மண்டையில் ஏறவில்லை என்று என்னையும் மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இளவரசி அவள். ராஜா, மந்திரி, காவலன், தூதன், தண்ணீர்க்காரி என்று மிச்சப் பேரெல்லாம் நான். எனக்கு அப்போது பதினேழு வயது. குரலைக் கட்டையாக்கிக்கொண்டு ராஜாவாகக் கர்ஜித்தால், "உங்க அப்பாருக்கு சளி புடிச்சிக்கிச்சா?" என்று நடுவில் கேட்டு வைப்பாள்.

புத்தகத்தில் முதல் பக்கத்தில் 'ஒரு மலைக்கோட்டை' என்று மட்டும்தான் போட்டிருந்தது. எங்களுக்கு அது போதும். மாடியில் நின்றால் எதிரே செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை. இளவரசி எந்த மதில் மேல் நிற்கிறாள், தூதன் எந்த வாசல் வழியாக வருகிறான், தண்ணீர்க்காரி எந்தக் குளத்தில் குடம் முக்குகிறாள் என்று அக்கா விரலை நீட்டிக் காட்டுவாள். பரீட்சைக்கு முன்னால் மூன்று மாதம் தினமும் சாயங்காலம் படித்தோம்.

பரீட்சை எழுதின அதே வருஷம் மஞ்சள்காமாலை வந்து அக்கா போய்விட்டாள். இருபத்திரண்டு வயது. ஜாதகம் எடுத்து வைத்திருந்தார்கள்.

அவள் குரல் எந்த டேப்பிலும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் போட்டோவே ஒன்றுதான், அதுவும் பரீட்சை விண்ணப்பத்துக்கு எடுத்தது. ஆனால் புத்தகம் என்னிடம் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இளவரசியின் வரியில் அக்கா பேசினாள். வரியின் கடைசி வார்த்தையை விழுங்குவாள். மூச்சு வாங்கும் இடத்தில் லேசாகச் சிரிப்பாள். அவளைத் தேடுகிற நாளில் இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடி வைப்பேன். நான் தமிழ் டீச்சர் ஆனதற்குக்கூட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், வெளியில் வேறு காரணம் சொல்லுவேன்.

எங்கள் வகையறாவில் கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண் சாமியாகிவிடுகிறாள். பூவாடைக்காரி என்று பெயர். வீட்டில் கல்யாணம் வந்தால் முதல் அழைப்பு அவளுக்கு. கிணற்றங்கரையில் பம்பை அடித்துப் பாடி அவளை வரவழைப்பார்கள். வீட்டு மனுஷர் ஒருவர் மேல் அவள் இறங்கி, 'நடத்துங்க' என்று சொல்ல வேண்டும். அப்புறம் குடத்தில் கிணற்றுத் தண்ணீரை எடுத்து வந்து, புதுப் புடவையும் பூவும் வைத்துப் படைப்பார்கள். என் தம்பி கல்யாணத்தில் அக்கா என் மேல் வந்தாள். நீ இதையெல்லாம் நம்புகிறாயா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கண்ணை மூடினேன், பம்பை காதை அடைத்தது, அப்புறம் தரையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, "அவளேதான்டி. கடசி வார்த்தைய முழுங்கினா பாரு, அவளேதான்" என்று அழுதாள். அதற்குப் பிறகு பல வருஷம் அம்மா நன்றாகத் தூங்கினாள்.

போன வருஷம் தம்பி மகள் என் போனில் ஒரு படத்தைப் போட்டுக் கொடுத்தாள். "அத்தை, நீ சொல்லிக்கினே இருப்பியே அந்த நாடகம், படமா வந்துருக்குது. செம்மயா எடுத்துருக்கானுங்க, பாரு."

பார்த்தேன். மோசமாக எடுத்திருந்தால் பிழைத்துப் போயிருப்பேன். நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். பாழாய்ப் போன படம் நன்றாக இருந்தது. இளவரசியாக வந்த பெண் நிமிர்ந்து, மோவாயைத் தூக்கி, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக உச்சரித்தாள். அவளுக்கு 'ழ' எப்படி வந்தது தெரியுமா! அவள் அழுதபோது நானும் அழுதேன். நாலு தடவை பார்த்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொன்னேன். படிப்பதை விடப் பார்ப்பது நெஞ்சைத் தொடுகிறது என்று பெரிய மனுஷி மாதிரி கருத்து வேறு சொன்னேன். என் வாயில் மண்ணைப் போட.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைத் திறந்தேன். இளவரசியின் முதல் வரி. அந்த நடிகை பேசினாள்.

பக்கத்தைப் புரட்டினேன். அவள்தான். கடைசிக் காட்சிக்குப் போனேன். அங்கேயும் மோவாயைத் தூக்கிக்கொண்டு அவளே நின்றாள். அவளுக்குப் பின்னால் ராஜகிரி இல்லை, படத்தில் வந்த அட்டைக் கோட்டை இருந்தது. நாடகம் எழுதியவருக்கு 'ஒரு மலைக்கோட்டை' என்று எழுதினால் வேலை முடிந்தது, மிச்சம் நம் பாடு. படம் எடுப்பவருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரு கோட்டையை, ஒரு முகத்தை, ஒரு குரலைக் காட்டியே தீர வேண்டும். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடி மலையைப் பார்த்துக்கொண்டே சத்தமாகப் படித்தேன். அக்கா வரவில்லை. வேண்டுமென்றே 'அளுதேன்' என்று சொல்லிப் பார்த்தேன், என் காதுக்கே கேலி செய்வது போல இருந்தது. அதற்குப் பிறகு மாதக் கணக்கில் புத்தகத்தைத் தொடவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. துவைக்கும்போதும், பாடம் எடுக்கும்போதும், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தப் பெண் என் தலைக்குள் சுத்தத் தமிழில் பேசிக்கொண்டே இருந்தாள்.

இந்த வருஷம் தம்பி மகளுக்குக் கல்யாணம் கூடியது. நாலு நாள் முன்னதாக, பொழுது சாய்வதற்குள் எங்கள் கழனிக் கிணற்றுக்குப் போனோம். பம்பைக்காரர் பாட ஆரம்பித்தார். நான் தள்ளித்தான் நின்றேன். அம்மா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினேன்.

வந்தது. எனக்கு நினைவில்லை, தம்பி மகள் பிறகு சொன்னாள். நான் விறைப்பாக நிமிர்ந்தேனாம். மோவாயைத் தூக்கினேனாம். பம்பைக்காரர், "யாரும்மா வந்துருக்கிறது? சொல்லும்மா" என்று கேட்டதற்கு, கிணற்றைப் பார்த்து, ஒரு எழுத்துப் பிசகாமல் செந்தமிழில் பதில் சொன்னேனாம்.

எனக்கு நினைவு திரும்பியபோது பம்பை நின்றுபோயிருந்தது. அம்மா என்னை விட்டு ரெண்டு எட்டு பின்னால் நின்றாள்.

"இது எம் பொண்ணு இல்ல," என்றாள். "யாருடி நீ?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் திரும்பி வந்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"வழியில வேற யாரோ பூந்துட்டாங்க. வர அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டினு போங்க, அங்காளம்மன் பாத்துக்குவா," என்றார் பம்பைக்காரர். பூந்தவள் யார் என்று எனக்குத் தெரியும். போனிலிருந்து வந்தவளை ஓட்ட எந்தக் கோயிலில் பூசாரி இருக்கிறார்? குடத்தில் தண்ணீர் எடுக்காமல் வெறும் குடத்தோடு வீட்டுக்கு வந்தோம். தம்பிக்கு ஒரே டென்ஷன்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புத்தகம், மாடி, படம், நாலு தடவை பார்த்தது. முறத்தில் மல்லாட்டையைக் கொட்டிக்கொண்டு கடலை உரித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எனக்கு அவ கொரலு எப்பவோ மறந்துபூட்ச்சிடி," என்றாள். "மொகம் இருக்குது, கொரலு இல்ல. உங்கிட்ட இருக்குதுன்னுதான் நான் கம்முனு இருந்தேன். நீயும் தொலச்சிட்டியா?"

நான் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பெற்றவள் என்னிடம் கொடுத்து வைத்த ஒரே பொருள் அது. அதை ஒரு மத்தியான நேரத்துப் பொழுதுபோக்குக்காகக் கொட்டிவிட்டேன்.

அழுது முடித்த பிறகு, இனி என்ன போகப் போகிறது என்று புத்தகத்தை எடுத்தேன். முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாய்விட்டுப் படித்தேன். நடிகை பேசினாள். பேசு, பேசித் தொலை என்று விட்டுவிட்டேன். மூன்றாம் அங்கத்தில் ஒரு சின்னக் காட்சி வந்தது. அது இருப்பதையே நான் மறந்திருந்தேன். நாலே பக்கம். தண்ணீர்க்காரி குடத்தை இறக்கி வைக்கிறாள். எத்தனை படி ஏறி வந்தாய் என்று இளவரசி கேட்கிறாள். எண்ணினால் கால் வலிக்கும், அதனால் எண்ணுவதில்லை என்கிறாள் அவள். பிறகு இரண்டு பேரும் உடைந்த குடம், குளத்துப் பாசி என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கதைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. படம் எடுத்தவர் அதை வெட்டிவிட்டார். நானாக இருந்தாலும் வெட்டியிருப்பேன்.

நான் தண்ணீர்க்காரியின் வரியைப் படித்துவிட்டு, இளவரசியின் வரிக்கு வந்தேன். நடிகை வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு அந்த வசனம் தெரியாது. அப்புறம் அக்கா கேட்டாள், எத்தன படி ஏறின என்று, கடைசி வார்த்தையை விழுங்கிக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டு. அந்த இடத்தில் அவள் சிரித்ததற்குக் காரணம்கூட ஞாபகம் வந்தது. நான் அப்போது தலையில் நிஜமாகவே ஒரு குடத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது அந்தக் குரல். எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே மல்லாட்டை உடைபடும் சத்தம் நின்றது. கதவு திறந்தது. அம்மா உள்ளே வந்து, என் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"நிறுத்தாத. படி," என்றாள்.

நாலு பக்கமும் முடிந்ததும், "இன்னொரு வாட்டி" என்றாள். அன்றைக்கு ஏழு தடவை படித்தேன். அதற்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போகவில்லை. போனால் நடிகை வந்துவிடுவாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை திரும்பவும் கிணற்றுக்குப் போனோம். சாமியாட வேண்டாம், பாப்பா படிக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நாற்பத்தேழு வயதில் நான் பாப்பா. "பொஸ்தகத்துக்கா நான் பம்பை அடிக்கணும்?" என்று பம்பைக்காரர் தலையைச் சொறிந்தார். ஆனாலும் நல்ல மனுஷன், சத்தத்தைக் குறைத்து அடித்தார். தம்பி மகள் என் தோள் வழியாகப் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் படித்தேன். இளவரசி படிக் கணக்கைக் கேட்ட இடத்தில் அம்மா கிணற்றுக்குள் குனிந்து, "உந் தம்பி பொண்ணுக்குக் கல்யாணம்டி. வந்துடு," என்றாள். யாரும் 'நடத்துங்க' என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. குடத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அவளே முன்னால் நடந்தாள்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, நானும் அம்மாவும் மணமேடையில் பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றோம். மாலையும் கழுத்துமாக இருந்தவள் என் காதருகே குனிந்தாள்.

"அத்தை, உனக்குத் தெரியுமா? அந்தப் படத்துல வெட்டின சீனெல்லாம் சேத்து புதுசா வுட்டுருக்கானுங்க. நேத்து பாத்தேன். நீ கெணத்தாண்ட படிச்சியே, அந்தத் தண்ணி சீனும் இருக்குது. எத்தன படின்னு அவ எப்பிடிக் கேக்கறான்னா..."

என் கை அவள் வாயைப் பொத்திவிட்டது. உதட்டுச் சாயம் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டியது. மாப்பிள்ளை திகைத்துப் பார்த்தார். கீழே வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். போட்டோக்காரர் அப்போதுதான் அமுக்கினார், ஆல்பத்தில் அந்தப் போட்டோ இருக்கிறது. அதில் பெண்ணுடைய கண் இரண்டும் பெரிதாக விரிந்திருக்கிறது. அம்மா என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கிறவர்கள் கிழவி என் கையை எடுத்துவிடப் பார்க்கிறாள் என்றுதான் நினைக்கிறார்கள்.

அவள் அழுத்திப் பிடித்திருந்தாள். "எடுக்காத," என்றாள் என் காதில். "எடுக்காதடி, எடுக்காத."