மார்கரீட்டாவுக்குப் போன பழம்

நான் குடிகாரன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போதையில் செய்துவிட்டேன் என்று தப்பித்துக்கொள்ள எனக்கு வழி கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதைச் செய்தபோது ஒரு சொட்டுகூட என் தொண்டைக்குள் போயிருக்கவில்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில், சோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பக்கத்திலேயே மாடியில் இரண்டு அறை வாடகை வீடு. மனைவி ஆரம்பாக்கத்துப் பெண், நிலபுலன் உள்ள குடும்பம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. இரண்டு பேரிடமும் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து அவள் அழுதாள். குறை என்று ஒன்று இருந்தால் அதற்கு மருந்தாவது இருக்கும் அல்லவா.

பிறகு கோயில். அவள் ஊர் அம்மனுக்கு ஒன்பது வெள்ளிக்கிழமை விரதம். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ரயிலேறிப் போவாள், தரிசனம் முடித்துத் திரும்பி வந்துதான் வாயில் ஏதாவது போடுவாள். ஒன்பதாவது வாரம் பூசாரி அம்மன் காலடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் முந்தானையில் போட்டார். மாதவிலக்கு முடிந்து தலைக்குக் குளிக்கும் நாளன்று, விடியற்காலையில், வெறும் வயிற்றில் தின்ன வேண்டும். தோல், விதை எதையும் துப்பக்கூடாது என்றார்.

அந்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கோடை. வெளியில் வைத்தால் காய்ந்து சுக்காகிவிடும் என்று, பழத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் கவுச்சி கிடையாது. அந்த அடுக்கில் பால்கூட வைக்கமாட்டாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் அவளைக் கேலி செய்யவும் இல்லை. அவள் முகத்தில் ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு தெளிச்சி வந்திருந்தது. அது எனக்கும் பிடித்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவின் மேலதிகாரி வெளிநாடு போய்விட்டு டெக்கீலா என்ற மெக்சிகோ நாட்டு மது பாட்டில் ஒன்றோடு வந்தார். கேன்டீனில் பேச்சு வந்தது. அதை எலுமிச்சையும் உப்பும் சேர்த்து மார்கரீட்டா என்று போடுவார்களாம், இங்கே யாருக்குத் தெரியும் என்றார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அது இன்னா சார் பெரிய வேலை? ஞாயித்துக்கெழம நம்ம ஊட்டுக்கு வாங்க, நான் போட்டுத் தரேன்" என்றேன். அவர் சரி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஃப்ரிட்ஜைத் திரும்பிப் பார்த்தாள். "பழம் வச்சிக்கினு கீறோம். இந்த நேரத்துல இதெல்லாம் வேணுமா?" என்றாள்.

"ஒரு மணி நேரம்தான். ஒண்ணும் ஆவாது."

"நான் அம்மா ஊட்டுக்குப் போய்ட்டு சாயங்காலம் வரேன். அந்த டப்பாவ மட்டும் யாரும் தொடாம பாத்துக்கோங்க."

ஞாயிறு காலையிலிருந்து செல்போனில் ஒரே வீடியோவை மூன்று முறை பார்த்தேன். கல் உப்பைச் சப்பாத்திக் கட்டையால் நுணுக்கித் தட்டில் பரப்பினேன். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடி டம்ளர்களின் விளிம்பில் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்து உப்பில் கவிழ்த்து எடுத்தேன். வீடியோக்காரன் ஆரஞ்சு மதுபானம் ஒன்றை ஊற்றச் சொன்னான். கும்மிடிப்பூண்டியில் அதற்கு எங்கே போவது? ஆரஞ்சைப் பிழிந்து சர்க்கரைப் பாகு சேர்த்துக்கொண்டேன். குலுக்குவதற்கு நான் ஆலைக்கு மோர் கொண்டுபோகும் ஃபிளாஸ்க். உள்ளே ஐஸைப் போட்டு மூடி, தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கியபோது பெரிய ஆள் ஆகிவிட்டதாகவே நினைப்பு.

மேலதிகாரியும் என்னோடு வேலை செய்யும் இரண்டு பேரும் வந்தார்கள். முதல் சுற்று நன்றாகவே போனது. "இன்னாபா இது, உப்பு போட்ட சர்பத் மாதிரி கீது!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தோம். அதாவது அவர்கள் குடித்தார்கள், நான் பரிமாறிக்கொண்டு சிரித்தேன். மேலதிகாரி டம்ளரை நீட்டி, "பிரமாதம்யா. எனக்கு இன்னொண்ணு போடு" என்றார்.

சமையலறைக்கு வந்தால் எலுமிச்சை இல்லை. ஆறு வாங்கியிருந்தேன். இரண்டு உள்ளே சாறே இல்லாமல் சக்கையாக இருந்தன. தெருமுனைக் கடை ஞாயிறு மத்தியானம் சாத்தியிருக்கும். பஜாருக்கு வண்டியில் போனால் ஐந்து நிமிஷம். இல்லை சார், பழம் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருந்தாலும் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்கமாட்டார்கள்.

ஐஸ் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதத்தான் கை போகிறது. தெரிந்துதான் செய்தேன். டப்பாவைத் திறந்தேன், குங்குமத்தைக் குழாயில் கழுவினேன், பழத்தை இரண்டாக நறுக்கினேன். பழம்தானே, சாயங்காலத்துக்குள் ஒன்று வாங்கி வைத்துவிட்டால் போகிறது என்று நினைத்தேன். நல்ல சாறுள்ள பழம். விதைகளை வடிகட்டியில் தட்டிக் குப்பையில் போட்டேன்.

மேலதிகாரி ஒரு வாய் குடித்தார். "புளிப்பு ஜாஸ்தியாயிடுச்சுப்பா" என்று டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குள் அவருக்கு வீட்டிலிருந்து போன் வந்தது, கிளம்பிவிட்டார். மற்ற இரண்டு பேரும் கூடவே போனார்கள். மீதியைத் தொட்டியில் ஊற்றினேன்.

அவள் வருவதற்கு முன்னால் பஜாருக்கு ஓடினேன். அதே அளவில், அதே நிறத்தில் ஒரு பழத்தைப் பொறுக்கி வந்து, மஞ்சள் தடவி, குங்குமத்தை என் விரலாலேயே வைத்தேன். எப்போது நினைத்தாலும் அந்த விரல்தான் என்னைக் கூச வைக்கிறது. அவள் வந்ததும் டப்பாவைத் திறந்து பார்த்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நான் கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினேன். அவள் கும்பிட்டுவிட்டு மூடி வைத்தாள்.

அந்த நாளும் வந்தது. ஈரத்தலையோடு கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கடைப்பழத்தைத் தோலோடு கடித்துத் தின்றாள். கசப்பில் முகம் கோணியது, கண்ணில் தண்ணீர் வந்தது. "பல்லு கூசுதுங்க" என்று சிரித்தாள். நான் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம்.

மாதம் முடிந்தது. எப்போதும்போல மாதவிலக்கு வந்துவிட்டது. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி ஒரு வெதைய துப்பிட்டேன். கசப்பு தாங்கல. முழுங்கிட்டேன்னு பொய் சொன்னேன். அதான் அம்மனுக்குக் கோவம்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தமுடியாது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சாப்பிடு" என்று மட்டும் சொன்னேன். எனக்கு அது வெறும் பழம்தான், இன்றைக்கும் அப்படித்தான். அவளுக்கு அது ஒன்பது வாரப் பட்டினி. அதை ஒரு சபாஷுக்காகப் பிழிந்தேன். பழியை அவள் தூக்கிக்கொண்டபோது, சொன்னால் என்னை விட்டுப் போய்விடுவாளோ என்று பயந்து, தூக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விதையைத் துப்பியதற்குப் பரிகாரமாக, ஈரப்புடவையோடு கோயிலை மூன்று சுற்று உருண்டாள். நான் கூடவே குனிந்து நடந்து புடவையைச் சரிசெய்துகொண்டே வந்தேன். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்தது. எழுந்து சன்னதி முன்னால் நின்று, பூசாரிக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னாள்.

"தப்பு எம்மேலதான் தாயே. அவரு பாவம், பத்து நாளும் கவுச்சி கேக்காம எனக்காக இருந்தாரு. அவர ஒண்ணும் பண்ணிடாத."

நான் வாயைத் திறந்தேன். பூசாரி கற்பூரத் தட்டை நீட்டினார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.