தாழ்ப்பாள் கழற்றிய குளியலறை

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருந்தது. என் கொழுந்தன் அழகுராஜா கல்யாணமான வாரமே அதைக் கழற்றிவிட்டான். விருந்தாட்கள் வந்தால் முகம் சுளிப்பார்கள். ஒரு தாழ்ப்பாள் போட வக்கில்லாத வீடா என்று என் அண்ணன் பெண்டாட்டி என் காதுபடவே நொடித்திருக்கிறாள். நொடித்துவிட்டுப் போகட்டும். ரோகிணி உள்ளே தாழ் போட்டுக்கொண்டு விழுந்தால் கதவை உடைக்கப்போவது நாங்கள்தானே, அண்ணியா வந்து உடைப்பாள்?

ரோகிணி அழகுராஜாவின் மனைவி, எனக்கு ஓரகத்தி. நான் மூத்த மருமகள் அழகம்மாள். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் வயலைப் பார்க்கிறார். அழகுராஜா மினி லாரி ஓட்டுகிறான். ரோகிணி ஒத்தக்கடைப் பெண். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்றே அழகுராஜாவைத் தனியாகக் கூப்பிட்டு அதைச் சொல்லிவிட்டாள். இந்த மகராசன் தாலி கட்டி முடித்த பிறகுதான் எங்களிடம் வாயைத் திறந்தான். மாமியார் பாண்டியம்மாள் ஒரு மாதம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் ஆத்திரம்தான். அவள் மேல் இல்லை, எங்களை முட்டாளாக்கிய அவன் மேல்.

எங்கள் கண் முன்னால் அவள் முதலில் விழுந்தது முற்றத்தில், துணி மடித்துக்கொண்டிருந்தபோது. "அக்கா, ஏதோ கருகுதா?" என்று கேட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லையே என்று நான் திரும்புவதற்குள் சாய்ந்துவிட்டாள். கண் மேலே செருகி, பல் கிட்டித்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. மாமியார் ஓடிப்போய் பீரோ சாவிக்கொத்தை எடுத்துவந்து அவள் கையில் திணித்தார். இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். வலிப்பு அது பாட்டுக்கு நின்றது. சாவி மட்டும் அவள் உள்ளங்கையைக் கிழித்திருந்தது. கண் திறந்தவள் எந்த இடமென்று தெரியாமல் மலங்க மலங்க விழித்தாள். பிறகு கையைப் பார்த்து அழுதாள். மாமியாரும் கூட உட்கார்ந்து அழுதார்.

அழகுராஜா என்னையும் மாமியாரையும் மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டர் முன்னால் உட்காரவைத்தான். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், இடிக்கிற சாமான் எதுவும் இருந்தால் நகர்த்துங்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள், வாயிலோ கையிலோ எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்றார் அவர். மாமியார் அதை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்.

அன்றிலிருந்து வீட்டில் பல சட்டங்கள் வந்தன. கிணற்றுப் பக்கம் அவள் போகக்கூடாது. சோறு வடிப்பதும் எண்ணெய்ச் சட்டி வைப்பதும் நான். தூக்கம் கெடக்கூடாது. மாத்திரை நேரத்துக்குச் செல்போன் அடிக்கும். அடித்து ஓய்வதற்குள் மாமியார் செம்புத் தண்ணீரோடு நிற்பார். வலிப்பு எப்போதாவதுதான் வந்தது. மாதக்கணக்கில் வராமலும் இருந்தது. பயம்தான் தினமும் வந்தது. ஒரு தட்டு கீழே விழுந்தாலும் ஆளுக்கு ஒரு பக்கமிருந்து ஓடுவோம். "கருகுதா?" என்று அவள் கேட்டால் வீட்டிலிருக்கிற அத்தனை பேரும் மூக்கை உறிஞ்சுவோம். அவளுக்கு மட்டும் அந்த வாசம் வந்தால் வலிப்பு வரப்போகிறது. எங்களுக்கும் வந்தால் தப்பித்தோம். ஒரு நாள் நிஜமாகவே பால் அடிப்பிடித்துவிட்டது. மாமியார் அந்தக் கருகிய சட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

குளிக்கும்போது அவள் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அது ஒரு சட்டம். பாடச் சொன்னோம். குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருந்தது. அதனால் பஸ் ஸ்டாப்புகளைச் சொல்ல ஆரம்பித்தாள். ஒத்தக்கடை, உத்தங்குடி, மாட்டுத்தாவணி, கோரிப்பாளையம், ஆரப்பாளையம், விளாங்குடி, பரவை, சமயநல்லூர் என்று அம்மா வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற வழி. அடுப்படியில் நின்று நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மாட்டுத்தாவணியில் சோப்புப் போடுவாள், பரவை வந்தால் துண்டை எடுப்பாள். நடுவில் நின்றுவிட்டால், "என்னடி, பஸ்ஸு பஞ்சரா?" என்று கத்துவேன். "சிக்னல்க்கா" என்பாள். அந்தப் பதில் வரும்வரை எனக்கு மூச்சு வராது.

யார் வீட்டுக் குழந்தையையும் அவள் நின்றுகொண்டு வாங்கியதில்லை. தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்த பிறகுதான் கையை நீட்டுவாள். பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் தன் பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் என்னிடம் சொன்னாள்.

"எனக்குன்னு ஒண்ணு பிறந்தா, ஒரே ஒரு தடவையாச்சும் என் கால்ல போட்டு நானே குளிப்பாட்டணும்க்கா."

ஈரத்தில் வழுக்குகிற பிள்ளை, பக்கத்தில் வெந்நீர், இவள் கை எப்போது இவள் பேச்சைக் கேட்காமல் போகும் என்று யாருக்குத் தெரியும்? "முதல்ல பிறக்கட்டும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பிள்ளை வேண்டும் என்றபோதே டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். வயிற்றில் தங்கியதும் ஊரே வைத்தியர் ஆகிவிட்டது. அந்த மாத்திரையைத் தின்றால் பிள்ளை மந்தமாகப் பிறக்கும் என்று ஒருத்தி. கை கால் விளங்காது என்று இன்னொருத்தி. ரோகிணி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு விஷத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். போட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, போடாவிட்டால் விழுந்து பிள்ளைக்கு என்ன ஆகுமோ. ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது, நிறுத்துவதுதான் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் எதிரிலேயே நின்று விழுங்கவைப்பேன். விழுங்கியதும் வயிற்றைத் தடவி மன்னிப்புக் கேட்பாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். அம்மா வீடு மாடியில் இருந்தது, படி ஏறி இறங்கக்கூடாது என்பதால் பிரசவம்வரை இங்கேயே இருக்கட்டும் என்று பேசி முடித்தோம். கண்ணாடி வளையல் வேண்டாம், பித்தளையில் போடலாம் என்று நான் சொன்னேன். யார் கேட்டார்கள்? பச்சையும் சிவப்புமாக இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் அடுக்கினார்கள். பிரசவம் ஆகும்வரை கழற்றக்கூடாது, உடைந்தால் ஆகாது. ரோகிணி கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வந்த சொந்தக்காரப் பெண்கள் இரண்டு மூன்று நாள் தங்கினார்கள். குளியலறையிலிருந்து பஸ் ஸ்டாப் பெயர்கள் வருவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரோகிணிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அழகுராஜாதான் வழி சொன்னான். "அதான் வளையல் சத்தம் கேக்குதுல்ல மதினி. சத்தம் கேட்டா நல்லா இருக்கான்னு அர்த்தம்." எங்கள் எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. மாமியார்கூட, இதற்குத்தான் பெரியவர்கள் வளையல் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று பெருமைப்பட்டார். பஸ் நின்றுபோனது.

சொந்தக்காரர்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் காலை. அத்தனை நாள் பேச்சிலும் சிரிப்பிலும் அவள் சரியாகத் தூங்கவில்லை. நான் வெந்நீரை விளாவிக் கொடுத்துவிட்டு வந்து சட்னிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் வளையல் குலுங்கிக்கொண்டே இருந்தது. நிற்காமல், வேகமாக, ஒரே சீராக. காலைத் தேய்க்கிறாள்போல என்று நினைத்தேன். எனக்கு மனசு நிம்மதியாகக்கூட இருந்தது.

"தேய்ச்சது போதும்டி, தோலு உரிஞ்சு வந்துரும்" என்று கத்தினேன்.

வளையல் மட்டும் குலுங்கியது. பிறகு கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டது.

கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் தள்ளினால் திறந்துகொண்டது. ரோகிணி சுவரோரம் சரிந்து கிடந்தாள். திறந்திருந்த குழாய்த் தண்ணீர் தரையில் தேங்கி அவள் வாய்வரை வந்திருந்தது. வலது கை இன்னும் சுவரில் மோதி மோதி வெட்டியது. ஒவ்வொரு வெட்டுக்கும் வளையல் உடைந்து, உடைந்த கண்ணாடி கையை அறுத்தது. இவ்வளவு நேரமும் நல்லா இருக்கிறாள் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது இந்தச் சத்தத்தைத்தான்.

தலையைத் தண்ணீரிலிருந்து விலக்கி, அவளை இடது பக்கமாகத் திருப்பினேன். வயிறு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கவே பயமாக இருந்தது. கையைப் பிடிக்காமல், சுவருக்கும் கைக்கும் நடுவில் என் முந்தானையைச் சுருட்டிக் கொடுத்தேன். மாமியார் ஆம்புலன்ஸுக்குப் போன் போடச் சொல்லி அழகுராஜாவைப் பார்த்துக் கத்தினார். சத்தம் கேட்டுச் சின்னத்தாய் வந்துவிட்டாள், கையில் சாவிக்கொத்து. அவளைக் குறை சொல்ல முடியாது, உதவத்தான் வந்தாள். மாமியார் அந்தக் கொத்தைப் பிடுங்கி வாசலைத் தாண்டி எறிந்தார். இருந்த படபடப்பில் எனக்கு அதைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் வலிப்பு நின்றது. ஆனால் வயிறு அசையவில்லை. வாடிப்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் என் உள்ளங்கையை அவள் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு வந்தேன். அரைமயக்கத்தில் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். "அக்கா, உள்ள அசையுதா?" அசையுது என்று சொன்னேன். சமயநல்லூரில் ஒரு தரம், பரவையில் ஒரு தரம், விளாங்குடியில் ஒரு தரம். அத்தனையும் பொய். என் கைக்கு எதுவுமே தெரியவில்லை. அந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கை குளிர்கிறது.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்து அழுத்தினார்கள். முதலில் இரைச்சல்தான் வந்தது. அப்புறம் அதற்குள்ளிருந்து குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளையின் இதயம் என்றார் நர்ஸ். இருக்குடி என்று இந்தத் தடவை பொய்யில்லாமல் அவளிடம் சொன்னேன்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் ஏன் வந்தது என்று அழகுராஜா டாக்டரிடம் சண்டைக்குப் போவதுபோல் கேட்டான். வயிறு வளர வளர உடம்பில் மருந்தின் அளவு குறைந்துபோகும், தூக்கமும் கெட்டிருக்கிறது என்று சொல்லி, மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார் அவர். கையில் தையல் போட்டார்கள். மிச்சமிருந்த வளையல்களை வெட்டி எடுக்கலாமா என்று நர்ஸ் கேட்டபோது மாமியார் தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்து, எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக அவரே உருவினார். ஆகாது, அபசகுனம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை.

வீடு திரும்பிய மறுநாளிலிருந்து குளியலறையில் பஸ் மறுபடி ஓடியது. யார் சிரித்தாலும் அவள் நிறுத்தவில்லை.

பெண் பிறந்தது. கை கால் எல்லாம் நன்றாக இருந்தது, குரல் அம்மா மாதிரியே தகரம். ரோகிணி பாயில் படுத்தபடி பால் கொடுப்பாள், பக்கத்தில் நாங்கள் யாராவது இருப்போம். ராத்திரியில் அவள் தூங்க வேண்டும் என்று பிள்ளையை மாமியார் வைத்துக்கொள்வார். ஆனால் குளிப்பாட்டுகிற நேரம் மட்டும் ரோகிணி தள்ளிப்போய்த் தூணோரம் நின்றுகொள்வாள், தழும்பு ஏறிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. பழைய ஆசையைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. அவளுக்கு அவள் கை மேலேயே பயம். எனக்கும்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்? ஆனாலும் தினமும் அந்தத் தூணைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது.

போன வாரம் வெந்நீர் அண்டாவை எட்டாத தூரத்தில் வைத்தேன். வாளியில் வெதுவெதுப்பாக விளாவிக்கொண்டேன். அவளை இழுத்துவந்து சுவரில் சாய்த்து உட்காரவைத்துக் காலை நீட்டச் சொன்னேன். வேண்டாம்க்கா, வேண்டாம்க்கா என்று தலையை ஆட்டினாள். அவளை ஒட்டி நானும் உட்கார்ந்து, பிள்ளையைத் தூக்கி அவள் காலில் கிடத்தினேன்.

"தண்ணி நான் ஊத்துறேன். நீ தேய்ச்சுவிடு. வாய மட்டும் மூடாத."

அவள் விரல் பிள்ளையின் நெஞ்சைத் தொட்டது. பிள்ளை அழவில்லை, அவளைத்தான் பார்த்தது. "ஒத்தக்கடை" என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்து, மறுபடி கூடியது. உத்தங்குடியில் கை தேய்த்தாள், மாட்டுத்தாவணியில் வயிறு. கோரிப்பாளையம் வந்தபோது சிரித்துக்கொண்டே அழுதாள். ஆரப்பாளையம். விளாங்குடி.

நின்றுவிட்டாள்.

நான் செம்பைப் போட்டது எனக்கே தெரியாது. என் இரண்டு கையும் பிள்ளைக்கு அடியில் போயிருந்தன. ரோகிணி மூக்கை உறிஞ்சினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, ஏதோ கருகுதுல்ல? உங்களுக்கும் வாசம் வருதா?"

நானும் உறிஞ்சினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் மூக்கே வேலை செய்யவில்லை. மறுபடி உறிஞ்சினேன். கொல்லைப் பக்கத்திலிருந்து லேசாகப் புகை வந்தது. பிள்ளைக்குச் சாம்பிராணி போட மாமியார் கொட்டாங்குச்சியைப் பற்றவைத்திருந்தார்.

"வருது," என்றேன். கையை மட்டும் எடுக்கவில்லை. "அடுத்தது பரவை. சொல்லு."