இராஜம்மா நூல் வச்சு அளந்து எடுத்த சென்டர் ஸ்பீக்கர்

கிள்ளான்ல அந்தத் தாமான் குடியிருப்புல இராஜம்மா வீட்டு ஷோகேஸப் பத்தித் தெரியாத ஆளு கிடையாது. ஹால் சுவர் முழுக்க அடைச்சு நிக்கும். கீழ டிவி, அதுக்கு மேல ஒரு நீளத் தட்டு, அந்தத் தட்டுக்கு இழுத்து மூடுற கண்ணாடி. உள்ள கல்யாணத்துக்கு வந்த டீ செட்டு, மக சந்திரகலா ஓட்டப்பந்தயத்துல வாங்கின கிண்ணம் நாலு, பினாங்குல வாங்கின சிப்பி மயில். ஒரு தூசி உள்ள போகக்கூடாது. ஒருநாள் வீட்டுக்காரர் கன்னையா எதையோ தேடிட்டு கண்ணாடிய மூடாமப் போனதுக்கு மூணு நாள் வாங்கிக் கட்டிக்கிட்டார்.

கன்னையா வாய் திறக்காத மனுசன். தமிழ்ப்பள்ளிக்கு பஸ் ஓட்டினார், முப்பது வருசமா. காலைப் பள்ளிக்கு ஒரு ஓட்டம், மத்தியானப் பள்ளிக்கு ஒரு ஓட்டம். எந்தப் பிள்ளை எந்த கேட்டுல இறங்கும், எது தூங்கிப்போகும், எது வாந்தி எடுக்கும்னு எல்லாம் அத்துப்படி. பீர் கிடையாது, சிகரெட் கிடையாது. இருந்த ஒரே ஆசை, வீட்டுல உக்காந்து தியேட்டர் மாதிரி சத்தத்தோட படம் பார்க்கணும்.

தொண்ணூத்தாறுல, தீபாவளிக்கு முன்னால, அந்த ஆசை கூடி வந்துச்சு. சந்திரகலா வேலைக்குப் போன புதுசு. அப்பாவுக்கு ஆம்ப்ளிஃபையர், உயரமான ஸ்பீக்கர் ரெண்டு, பின்னால மாட்டுற சின்னது ரெண்டு, எல்லாம் எடுத்துக் குடுத்தா. நடுவுல வைக்கிற சென்டர் ஸ்பீக்கர் ஒண்ணுதான் பாக்கி. "அத நீங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்து எடுங்க. அம்மா, உன் ஷோகேஸ்ல நான் கை வச்சா நீ என்னக் கொன்னுருவ"ன்னுட்டா.

பிரிக்பீல்ட்ஸ்ல கடை வச்சிருந்த கார்த்திகேசு மூணு பெட்டிய எடுத்து மேசையில வரிசையா வச்சார்.

"அக்கா, பாட்டு, சண்டை, மழை, இடி எல்லாம் ரெண்டு பக்கத்துல வரும். மனுசன் பேசுறது நடுவுல இருந்துதான் வரும். இது சரியில்லன்னா படம் ஊமைப்படம்தான்லா. உங்க உயர ஸ்பீக்கர் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி நடுவுலயும் போட்டாத்தான் குரல் ஒரே மாதிரி இருக்கும். அந்தப் பெரியத எடுங்க."

கன்னையா பெரியதுமேல கைய வச்சுத் தடவிக் குடுத்தார். இராஜம்மா கைப்பையில இருந்து ஒரு நூல எடுத்தா. டீ செட்டுக்கும் மயிலுக்கும் நடுவுல உள்ள இடத்த அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த நூலு. பெரியதுல வச்சா, பத்தல. நடுவுல உள்ளதுல வச்சா, பத்தல. சின்னதுல வச்சா, கச்சிதம்.

"இதுதான். டீ செட்டுக்கும் மயிலுக்கும் நடுவுல சரியா நிக்கும்."

"அது வேற கம்பெனி அக்கா. தூங்குற ரூமுக்கு வைக்கிறது."

"பேச்சுதானே வரப்போகுது? பேச்சுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பெட்டி? நான் நாள் முழுக்க பேசுறேன், எனக்கு என்ன பெட்டியா கட்டி வச்சிருக்கு?"

கார்த்திகேசு சிரிச்சுட்டு, "அண்ணே, நீங்க சொல்லுங்க"ன்னார்.

"அவ சொல்றதையே எடுத்துக்குவோம்"னு கன்னையா கைய எடுத்துட்டார். மெதுவாத்தான் எடுத்தார். இராஜம்மா அதப் பார்த்தா. பார்த்துட்டு நூலச் சுருட்டிப் பையில போட்டா.

"ஒண்ணு மட்டும் அக்கா. முன்னால ஒண்ணும் மறைக்கக்கூடாது. தட்டு ஓரமா இழுத்து வைங்க."

"சரி சரி."

வீட்டுக்கு வந்து டீ செட்டுக்கும் மயிலுக்கும் நடுவுல வச்சா. பெட்டி மொட்டையா கறுப்பா இருந்துச்சு, கண்ணுக்கு உறுத்துச்சு. தானே பின்னின வெள்ளை விரிப்ப மேல போட்டா, முன்பக்கம் நாலு விரல் தொங்குச்சு. அப்புறம் கண்ணாடிய இழுத்து மூடினா.

அன்னிக்கே வி.சி.டி. வாங்கிப் போட்டுப் பார்த்தாங்க. சண்டை வந்தப்போ ஜன்னல் ஆடுச்சு, கன்னையா பிள்ளை மாதிரி சிரிச்சார். பேச்சு வந்தப்போ முன்னால நகர்ந்து உக்காந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். ரிமோட்ட எடுத்து சத்தத்தக் கூட்டினார். உடனே பாட்டு வந்து வீடே அலறுச்சு.

"ஐயோ, எதுக்குய்யா இப்படி வைக்கிற?"

"அவன் என்ன சொன்னான்னு கேக்கல இராஜம்."

"எனக்குக் கேக்குதே! அம்மாகிட்ட சொல்லாத, நாளைக்கு வந்து பொண்ணு பார்க்கிறோம்னான். உனக்குக் காது போச்சு."

அன்னிக்கு ஆரம்பிச்சது. படம் பார்க்குறப்பெல்லாம் அவர் "என்னா சொன்னான்?"ன்னு கேப்பார். இவ ஒரு வரி விடாம சொல்வா, கூடவே "செவிட்டு மனுசா"ன்னு ஒண்ணு சேர்த்துப்பா. மொதல்ல விளையாட்டாத்தான். பக்கத்து வீட்டுத் தங்கமணிகிட்ட வேலியோரம் சொல்லிச் சிரிச்சா. பாசார்ல மீன் வாங்குறப்போ சொன்னா, கோயில்ல மாவிளக்கு போடுறப்போ சொன்னா. ஒரு மாசத்துல கன்னையாவப் பார்த்தா எல்லாரும் கத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. "அண்ணே! சாப்ட்டாச்சா!"ன்னு தங்கமணி கத்துறது மூணாவது வீட்டுக்குக் கேக்கும்.

சும்மா இருக்கிறவனையும் சுத்தி நின்னு கத்தினா அவனுக்கே சந்தேகம் வந்துரும். இராஜம்மா அடுப்புல எண்ணெய் பொரியறப்போ சட்டியப் பார்த்துட்டே எதாவது சொல்வா. அவர் ஹால்ல இருந்து "என்னா?"ன்னு கேப்பார். முன்னயும் அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தார். இப்போ கேட்டுட்டு, கையால காத லேசாத் தொட்டுப் பார்த்துக்குவார். அப்புறம் படம் பார்க்கவே உக்காரல. நாற்காலிய வெளிய போட்டு ரோட்டப் பார்த்துட்டு இருப்பார்.

ஒருநாள் பஸ்ஸத் திருப்புறப்போ பின்னால வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹாரன் அடிச்சிருக்கான், இவருக்குக் கேக்கல. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவன் திட்டிட்டுப் போயிட்டான். இவர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டே, "காது போன ஆளு பிள்ளைங்கள ஏத்தக்கூடாது இராஜம். ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை சாவியக் குடுக்குறேன்"னார்.

"டாக்டர்கிட்ட காட்டலாம்ல?"

"எதுக்கு? நீதான் சொன்னியே."

அது செவ்வாய்க்கிழமை.

மறுநாள் செராஸ்ல இருக்கிற தம்பி மாணிக்கம், அவன் மக கல்யாண வீடியோவக் குடுத்தனுப்பினான். இராஜம்மா தனியாத்தான் இருந்தா, போட்டுப் பார்த்தா. நாதஸ்வரம் நல்லா வந்துச்சு. கடைசியில மாணிக்கமே கேமரா முன்னால நின்னு, கண்ணத் துடைச்சுக்கிட்டு, வாய அசைச்சு அசைச்சு என்னமோ சொன்னான். ஒரு எழவும் புரியல. கிணத்துக்குள்ள இருந்து பேசுறாப்ல இருந்துச்சு. முன்னால நகர்ந்து உக்காந்தா. இன்னும் நகர்ந்தா. சத்தத்தக் கூட்டினா, மேளம் மண்டையப் பிளந்துச்சு.

எனக்கும் காது போச்சா?

படம் பார்த்தா மட்டும் எனக்கு ஒரு வரி விடாமக் கேக்குதே, அது எப்படி? பழைய வி.சி.டி.ய எடுத்துப் போட்டா. கீழ மலாய்ல எழுத்து ஓடுச்சு. ஓடினது ஓடினபடி அவ கண்ணு படிச்சுச்சு. இருபது வருசமா வீட்டுல உக்காந்து சீனப்படம், இந்திப்படம், இங்கிலீஷ் நாடகம் எல்லாத்தையும் கீழ ஓடுற மலாய் எழுத்த வச்சே பார்த்துப் பழகின கண்ணு. படிக்கிறோம்னே தெரியாமப் படிக்கும். பக்கத்துல இருந்த விசிறிய எடுத்து டிவியோட கீழ்ப்பக்கத்த மறைச்சா. அவ்வளவுதான், கதாநாயகன் வாயில துணி அடைச்சாப்ல ஆயிட்டான். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில ஆறாவது வரைக்கும் தமிழ் படிச்ச கன்னையாவுக்கு மலாய் போர்ட எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஓடுற எழுத்து பிடிபடாது.

மறுபடி கல்யாண டேப்பப் போட்டா. எந்திரிச்சுப் போய் கண்ணாடியத் திறந்தா. விரிப்பத் தூக்கினா.

"...அக்கா மட்டும் இல்லன்னா என் மகளுக்கு ஏது இந்தக் கல்யாணம். மாமா அந்த பஸ்ஸ ஓட்டித்தான் என்னப் படிக்க வச்சார்"னு மாணிக்கம் தெளிவா அழுதான்.

மூடினா, போச்சு. திறந்தா, வந்துச்சு. நாலு தடவை செஞ்சு பார்த்தா. அப்புறம் தரையிலயே உக்காந்துட்டா.

அவ நேரா போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லல. அவ்வளவு நாள் சிரிச்ச வாய் சுலபமாத் திரும்புமா? திருட்டுத்தனமா கண்ணாடியத் திறந்து வச்சு, விரிப்ப உருவிட்டு, அவர் வந்ததும் "வாங்க, படம் போட்டிருக்கேன்"னா. அவர் ரெண்டு வரி கேட்டார். முகம் மாறுச்சு.

"நல்லாக் கேக்குதே. எனக்காக சத்தம் கூட்டி வச்சிருக்கியா? உனக்குத் தலை வலிக்குமே இராஜம். குறைச்சுக்க, நான் வெளிய உக்காந்துக்குறேன்."

செருப்பால அடிச்சிருந்தாக்கூட அவளுக்கு இவ்வளவு வலிச்சிருக்காது. அப்பவும் வாய் வரல.

வியாழக்கிழமை மத்தியான ஓட்டம் முடிஞ்சதும், "பிரிக்பீல்ட்ஸ் போறோம், அந்த ஸ்பீக்கர மாத்தணும்"னு இழுத்துக்கிட்டுப் போனா. நூலு எடுத்துட்டுப் போகல.

கார்த்திகேசு கேலி பண்ணாம விட்டாரா? "என்ன அக்கா, மயில் இடத்தக் காலி பண்ணிருச்சா?"ன்னார். அப்புறம் கீழ எழுத்து ஓடாத ஒரு படத்தப் போட்டு, பெரிய பெட்டியில விட்டார். சத்தம் குறைச்சலாத்தான் வச்சார். ஒரு அம்மாவும் மகனும் மெதுவாப் பேசிக்கிட்டாங்க.

"கண்ண மூடிக்கிட்டுக் கேளுங்க அண்ணே. பாட்டு நல்லாருக்கான்னு பார்க்காதீங்க, மெதுவாப் பேசுறது புரியுதான்னு பாருங்க. சென்டர் ஸ்பீக்கர அப்படித்தான் எடுக்கணும். என்ன சொன்னாங்க?"

கன்னையா கண்ண மூடிக்கிட்டே சொன்னார். "சோறு இருக்கு, தின்னுட்டுப் போன்னாங்க. அவன் வேணாம்னான். அந்தம்மா வாய்க்குள்ளயே, அப்பன மாதிரியேன்னு முணுமுணுத்தாங்க."

"அலமாக்! முணுமுணுத்தது எனக்கே கேக்கலலா. காதா அது!"

கன்னையா கண்ணத் திறந்து இராஜம்மாவப் பார்த்தார். கடையில இன்னும் மூணு பேர் நின்னாங்க. நிக்கட்டும்னு நினைச்சா இராஜம்மா. ஊரக் கூட்டித்தானே சிரிச்சோம்.

"உங்க காதுல ஒண்ணும் இல்ல. நான்தான் கண்ணாடிக்குள்ள வச்சு மூடினேன், துணியும் போட்டேன். இந்தத் தம்பி வேணாம்னு சொல்லியும் கேக்கல. எனக்கும் ஒண்ணும் கேக்கல, மலாய் எழுத்தப் படிச்சுக்கிட்டு கேக்குது கேக்குதுன்னு சொன்னேன். நேத்தே தெரியும். சொல்ல வாய் வரல."

ஸ்பீக்கர்ல அந்தம்மா மகனக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

"அப்போ அந்த மோட்டார் சைக்கிள்?"னார் கன்னையா.

"நாப்பது பிள்ளைங்க கத்துற பஸ்ஸு. எவனுக்குக் கேக்கும்?"

"காது போச்சுன்ன, நம்பினேன். இப்ப நல்லாருக்குன்ற. இதையும் நீ சொல்லித்தான் நான் நம்பணுமா? ஆஸ்பத்திரியில பார்த்துட்டு முடிவு பண்றேன்." திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா இவளும் பதிலுக்கு நாலு சொல்லி மனசாறியிருப்பா.

வெள்ளிக்கிழமை சாவியக் குடுத்துட்டார். அடுத்த வாரம் அரசாங்க ஆஸ்பத்திரியில காதுல மெஷின் மாட்டிப் பார்த்தாங்க. வயசுக்கு நல்லாவே இருக்குன்னு காகிதம் குடுத்தாங்க. அத எடுத்துக்கிட்டு இராஜம்மாவே ஹெட்மாஸ்டர்கிட்ட போனா. அதுக்குள்ள காலை ஓட்டத்த வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, எடுக்க முடியாதுன்னுட்டாங்க. மத்தியான ஓட்டம் மட்டும் திரும்பக் கிடைச்சுச்சு.

பெரிய ஸ்பீக்கர் இப்போ தட்டு ஓரத்துல இருக்கு. டீ செட்டு கட்டிலுக்கடியில, கண்ணாடியக் கழட்டி சமையக்கட்டுக்குப் பின்னால சாத்தியாச்சு. தூசி படியுது, தினம் துடைக்கிறா. கன்னையாவுக்கு அஞ்சு மணிக்கே முழிப்பு வந்துரும். காக்கிச் சட்டைய எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப மாட்டிட்டு வந்து உக்காருவார். அப்போ டீ கொண்டு வச்சா, அவ முகத்தப் பார்க்காம வாங்கிக்குவார். கோவமான்னா, கோவம் மாதிரியும் இல்ல.

சொன்ன வாயிதானே, அதுவே போய்ச் சொல்லட்டும்னு ஒருநாள் தாமான்ல வீடு வீடா ஏறி இறங்கினா. பாசார்ல சொன்னா, கோயில்ல சொன்னா. எங்க வீட்டுக்காரருக்குக் காது நல்லாருக்கு, தப்பு என் மேல, கண்ணாடிய மூடினவ நான்தான்னு ஒளிக்காமச் சொன்னா. எல்லாரும் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டாங்க.

கடைசியா தங்கமணி. முழுசாக் கேட்டுட்டு, இராஜம்மா கையப் பிடிச்சுக்கிட்டா, கண்ணெல்லாம் கலங்கிருச்சு. "நீங்க தெய்வம்க்கா. புருசன் குறைய மறைக்க பழிய உங்க மேலயே போட்டுக்குறீங்களே. எவ செய்வா இப்படி?"

"அடி பைத்தியமே, நான் நிஜத்தச் சொல்றேன்!"

"சரிக்கா, சரி. நான் யார்கிட்டயும் சொல்லல."

அப்புறம் வேலிக்கு மேல எட்டிப் பார்த்து, "அண்ணே! டீ குடிச்சாச்சா!"ன்னு கத்தினா.

"குடிச்சாச்சும்மா"ன்னார் கன்னையா, மெதுவா. இராஜம்மா தங்கமணி கையில இருந்து தன் கைய உருவிக்கிட்டா.